வலது பக்கத்துச் சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டில் அதை யாரும் கார் என்று சொன்னதில்லை. பிளசர் என்றுதான் சொல்வோம். கார் என்றால் ஸ்டாண்டில் நிற்பது, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போவது. பிளசர் எங்கள் கொட்டகையில் நின்றது, எங்களுக்கு மட்டும் போனது. மேற்கே மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போனதை என் மாமனார் வாங்கினார். நான் மருமகளாக வந்து இறங்கியதே அதிலிருந்துதான். நிழலில் கருநீலமாக இருக்கும். வெயிலுக்கு வந்தால் கத்தரிக்காய் நிறம் காட்டும். பின்னால் இரண்டு பக்கமும், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது மாதிரி இரண்டு சிவப்பு விளக்குகள். அந்த விளக்கில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிற கை இது, பைய பையத்தான் நகரும். எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

மாமனார் போன பிறகு பிளசரை ஓட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குளிப்பாட்டுவது என் வேலை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தேய்ப்பேன். துடைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு சுற்று வருவேன். முன்விளக்கு இரண்டுக்கும் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, பிறகு பின்னால் போய்ச் சிவப்பு விளக்குகளுக்குப் பொட்டு. எதையும் வலது பக்கத்தில் தொடங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதனால் வலது விளக்குக்குச் சந்தனம் தாராளமாக விழும். இடது விளக்குக்கு வரும்போது கிண்ணத்தில் வழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

“எனக்குக் காப்பி வாரதுக்கு முன்னால அதுக்குக் குளியல் ஆயிருது” என்று இவர் சொல்வார்.

“அது ஒரு நாளாவது காப்பி சூடா இல்லைன்னு சொல்லிருக்கா?” என்பேன்.

எங்காவது புறப்படுவதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் ஒரு முறை உண்டு. அவர் உள்ளே உட்கார்ந்து விளக்குச் சாவியைத் திருகிவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு சத்தம் கொடுப்பார்: “எரியுதா?” பின்னால் நிற்கும் நான், “எரியுது!” என்பேன். அதைக் கேட்டால்தான் வண்டி நகரும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாமல் பேசிக்கொண்ட பேச்சு அது ஒன்றுதான் என்று தெருவில் கேலி செய்வார்கள். அது பொய். வேறு சிலதும் உண்டு.

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது, தொண்ணூறு தாண்டிச் சில வருஷம் ஆன பிறகு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலம். மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். நல்ல குடும்பம், நல்ல பையன். பையனுடைய தாய்மாமாதான் வாய்.

தாய்மாமா என்றால் முறைக்கு எனக்குக் கொழுந்தன் ஆகவேண்டும். கேலி பேச அவருக்கு உரிமை உண்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளவும் உண்டு. புதிதாக ஒரு வெள்ளை வேன் வாங்கியிருந்தார். நிச்சயதாம்பூலத்துக்கு அதில்தான் எல்லோரும் வந்து இறங்கினார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மாப்பிள்ளை அழைப்புப் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். அதற்கு வண்டி அனுப்புவது பெண் வீட்டார் பொறுப்பு. “எங்க பிளசர் வரும்” என்றேன்.

தாய்மாமா எழுந்து போய்க் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“மைனி, அதுல எங்க மருமவன ஏத்தினா தாலி கட்டுத நேரத்துக்கு வந்து சேருமா? இல்ல நேரா வளைகாப்புக்குத்தான் வருமா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. என் கூடப்பிறந்த தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“கொழுந்தனாரே, வளைகாப்புக்கும் அதுதான் வரும். நீங்க உங்க வேன்ல பின்னால வாங்க. எங்க ஊர்ல வழி தெரியாம முழிச்சீயன்னா, அதோட செவப்பு வெளக்கு ரெண்டையும் பாத்துக்கிட்டே வாங்க.”

இப்போது சிரிப்பு என் பக்கம் திரும்பியது. அவரும் விடவில்லை. “சரி மைனி. ரெண்டு வெளக்கும் எரிஞ்சா நான் பின்னால வாரேன். ஒண்ணு அவிஞ்சிருந்தாலும் மாப்பிள்ளை எங்க வேன்ல வருவான். சபையில சொல்லியாச்சு.”

“சபையிலயே கேட்டுக்கிட்டேன்” என்று நானும் சொல்லிவிட்டேன்.

விளையாட்டாகத்தான் சொன்னோம். ஆனால் விளையாட்டுப் பேச்சுதான் நாள்பட நிற்கும். மாப்பிள்ளை தன் வீட்டு வண்டியிலேயே வந்து இறங்கினால், ‘பொண்ணு வீட்ல ஒரு வண்டி அனுப்ப வக்கில்ல’ என்ற பேச்சு என் மகள் பின்னாலேயே அம்பாசமுத்திரத்துக்குக் குடிபோகும். அவள் குழம்பில் உப்புக் கூடினாலும் அது வரும், குறைந்தாலும் வரும். எனக்கு அது தெரியும். நானும் ஒரு வீட்டுக்கு வாழ வந்தவள்தானே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வீடு உறவுக்காரர்களால் நிரம்பியிருந்தது. பின்கட்டில் முறுக்குச் சட்டி ஓய்ந்து லட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குத்துவிளக்குகளையும் ஆலத் தட்டையும் தாம்பாளங்களையும் முற்றத்தில் பரப்பி, புளியும் சாம்பலும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு, ஈ வந்து உட்கார்ந்தால்கூட ஓட்ட முடியாமல் ஜன்னல் ஓரம் இருந்தாள். இவர் பிளசரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினார். பூக்காரர் மத்தியானத்துக்கு மேல் சரம் கட்ட வருவதாக ஏற்பாடு.

“ஏளா, வா பாப்போம்” என்று கூப்பிட்டார். புளிக் கையோடு பின்னால் போய் நின்றேன்.

“எரியுதா?”

இடது விளக்கு சிவந்தது. வலது விளக்கு சும்மா இருந்தது.

“எரியுதான்னு கேக்கேம்லா?”

“ஒண்ணுதான் எரியுது.”

அவர் இறங்கி வந்து பார்த்தார். விளக்கைத் தட்டினார், வண்டியைத் தட்டினார், தன் நெற்றியைத் தட்டிக்கொண்டார். திருகாணி இரண்டும் துரு ஏறி இறுகியிருந்தன. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊறவைத்துக் கழற்றினோம். சிவப்புக் கண்ணாடி கையோடு வந்தது. உள்ளே சின்ன பல்பு. வீட்டில் குண்டு பல்பு மாட்டுகிற மாதிரிதான், அமுக்கித் திருகினால் வந்துவிடும். கழற்றிப் பார்த்தால் கண்ணாடியெல்லாம் புகை பிடித்துக் கறுத்திருந்தது.

“இது போயிட்டு” என்றார். “ஜங்ஷன் போயி வேற வாங்கிட்டு வாரேன். பெரிய விசயமா?”

பெரிய விஷயமாகத்தான் ஆனது. இந்தக் காலத்து வண்டிகளெல்லாம் பன்னிரண்டு வோல்ட். எங்கள் பிளசர் ஆறு வோல்ட். கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு கடைக்காரர் மட்டும், “ஸார், ஆறு வோல்ட்டா? வண்டி ஓடுதா, இல்ல பூசையில வச்சிருக்கியளா?” என்று கேட்டுவிட்டு, பழைய ஸ்கூட்டர் சாமான்கள் கிடந்த ஒரு தகரப் பெட்டியைக் குடைந்து இரண்டு பல்பு எடுத்துக் கொடுத்தாராம். கல்யாண மாலை வாங்கிவந்தவர் போல இவர் தெருமுனையிலிருந்தே அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் சாப்பாட்டுப் பந்தி இரண்டு முடிந்திருந்தது.

புது பல்பை எடுத்து வைத்து அமுக்கித் திருகினேன். அவர் ஏறி உட்கார்ந்தார்.

“எரியுதா?”

“இல்ல.”

“நல்லா பாரு.”

“பாக்கதுக்கு இதுல என்ன இருக்கு? எரிஞ்சா எரியும், எரியலைன்னா எரியல.”

இரண்டாவது புது பல்பையும் மாட்டிப் பார்த்தோம். அதுவும் எரியவில்லை. இருவரும் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தபோது வெள்ளை வேன் வந்து நின்றது. அவர்கள் பாளையங்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கியிருந்தார்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று கேட்டுப்போக வந்தாராம் தாய்மாமா. கேட்க வந்த மாதிரி தெரியவில்லை. பார்க்க வந்த மாதிரிதான் இருந்தது.

“என்ன மைனி, புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் பின்னால குத்தவச்சிருக்கீய? பிளசருக்குப் பேறுகாலமா?”

“ஆமா கொழுந்தனாரே. வேன் குட்டி ஒண்ணு வரும்போல இருக்கு. வெள்ளையா இருந்தா உங்களுக்குத் தந்துருதேன்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் குனிந்து, கழற்றி வைத்திருந்த சிவப்புக் கண்ணாடியையும் பார்த்தார். பார்த்ததும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. நல்ல மனுஷன்தான், அதையும் சொல்ல வேண்டும்.

“மைனி, விளையாட்டுக்குச் சொன்னத மனசுல வச்சுக்கிட்டு வெயில்ல கெடந்து காயாதீய. எங்க வேன் கழுவித் தயாரா நிக்கி. பூக்காரன எங்களுக்கும் நாலு சரம் சேத்துக் கட்டச் சொல்லிருதேன்.”

கேலி செய்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இரக்கம்தான் தாங்கவில்லை.

“பூவ வீணாக்காதீய. இன்னும் பொழுது கெடக்கு. உங்க வேன் எங்க பிளசருக்குப் பின்னாலதான் வரும்.”

“வெளக்கு எரிஞ்சா வாரேன்” என்று சொல்லிவிட்டு, உள்ளிருந்து வந்த மோரைக் குடித்துப் புறப்பட்டார்.

வேன் தெரு திரும்பியதும் இவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “ஏளா, விட்ருவோமா? ஒத்த வெளக்கு எரியுதுல்லா. பின்னால போயி எவன் பாக்கப்போறான்?”

“அவரு பாப்பாரு. நான் பாப்பேன். மாப்பிள்ள அழைக்க வண்டிக்கு ஒரு கண்ணு அவிஞ்சு கெடந்தா நல்லாவா இருக்கும்? நீங்க ஏறி உக்காருங்க.”

ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பசி. அந்த முகத்தைப் பார்க்காமல் வேலையில் இறங்கினேன். வீட்டில் விளக்கு எரியாவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்த அறை பல்பைக் கழற்றி இந்த அறையில் மாட்டிப் பார்ப்பேன். அதையேதான் செய்தேன். இடது பக்கக் கண்ணாடியைக் கழற்றி, எரிந்துகொண்டிருந்த பல்பை எடுத்து வலது பக்கம் மாட்டினேன். எரியவில்லை. எரியாத புது பல்பை இடது பக்கம் மாட்டினேன். பளீரென்று எரிந்தது. போய்விட்டது என்று காலையில் ஒதுக்கிய கறுத்த பல்பையும் இடது பக்கம் மாட்டினேன். அதுவும் எரிந்தது! மங்கல்தான். ஆனாலும் எரிந்தது.

“என்னங்க, பழைய பல்பு சாகல.”

“அப்ப நான் எதுக்கு ஜங்ஷன் பூரா அலைஞ்சேன்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பல்பில் குறை இல்லை என்றால் அது உட்காரும் குழியில்தான் குறை. வலது குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவினேன். பித்தளை வழவழவென்று இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. அடுப்பங்கரைச் சுவரில் காரை உதிர்ந்தது மாதிரி சொரசொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். கட்டியாக ஒரு துண்டு பெயர்ந்து விரலோடு வந்தது. வெளுப்பும் மஞ்சளுமாக இருந்தது. துரு இப்படி இருக்காதே என்று மூக்கருகே கொண்டுபோனேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி சிரித்தேன். அவர் பதறிப்போய் இறங்கி வந்தார்.

“என்னளா, வெயில் ஏறிட்டா?”

பேச முடியாமல் விரலை அவர் மூக்கடியில் நீட்டினேன். மோந்து பார்த்தார்.

சந்தனம்.

எத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமை! பொட்டு வைத்த சந்தனம் அடுத்த வாரம் குளிப்பாட்டும்போது கரையும். கரைந்தது தண்ணீரோடு கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கும், அங்கேயே காயும். காய்ந்ததன் மேல் அடுத்த வெள்ளி. வலது பக்கத்துக்குத்தானே எப்போதும் தாராளம்! கரண்டு போகிற பாதையைச் சந்தனம் பூசியே அடைத்திருக்கிறேன்.

“எல்லாம் உன் பக்தி” என்று அவர் என்னைச் சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் நான் இன்னொரு முறை சுரண்டினேன். இந்தத் தடவை வந்தது சந்தனம் இல்லை. வெள்ளை வெளேரென்று பொடி. அதை மோந்து பார்க்கத் தேவையே இல்லை. எங்கள் வீட்டுச் சம்படத்துத் திருநீறு.

“இது யாரு பக்தி?” என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு கணக்கு வாத்தியார் பரீட்சையில் காப்பியடித்து அகப்பட்ட மாதிரி மெதுவாகச் சொன்னார்: “ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, நீ சுண்டல் தாளிக்கப் போவேல்லா... அப்ப கண்ணாடியக் கழத்தி பல்புக்கும் துன்னூறு பூசுவேன். வெளியில மட்டும் பூசினா பத்துமா? எரியுதது உள்ள இருக்கதுதான?”

“வலது பக்கத்துக்கு மட்டும்?”

“ரெண்டையும் கழத்த நேரம் இருக்காது. நீ வந்துருவே.”

“அதான் திருகாணி துருப்பிடிச்சுக் கெடக்கா? கழத்துதவரு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா என்ன?”

அப்போது ஜன்னலிலிருந்து மெதுவாக ஒரு குரல். மருதாணிக் கை இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரணடைய வந்தவள் மாதிரி மகள் நின்றாள்.

“அம்மா... நானும்தான்.”

“நீ என்ன செஞ்ச?”

“பரீட்சைக்குப் போறப்பல்லாம் அந்த வெளக்கு இடுக்குல ஒரு துளி துன்னூறு போட்டுட்டுத்தான் போவேன். பிளஸ் டூவுக்குப் போட்டேன். காலேஜுலயும் எல்லாப் பரீட்சைக்கும் போட்டேன்.”

“அதான் நீ பாஸாயிட்டே, வெளக்கு ஃபெயிலாயிட்டு” என்றார் அவள் அப்பா.

நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பின்கட்டில் லட்டுப் பிடித்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என்ன என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அந்த நிமிஷமே, பேசி வைத்துக்கொள்ளாமலே, அது எங்கள் மூன்று பேருக்குள் இருக்கவேண்டிய விஷயமாகிவிட்டது.

பிறகு வேலை என் கைக்கு வந்தது. பித்தளையை எப்படித் துலக்குவது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். முதலில் அவரிடம் பாட்டரிக் கம்பியைக் கழற்றச் சொன்னேன். குத்துவிளக்குக்குக் கரைத்த புளியில் ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் தடவி, அந்தத் துணியைக் குச்சியில் சுற்றி, குழிக்குள் விட்டுத் தேய்த்தேன். அழுக்கு அழுக்காக வந்தது. அடியில் பல்பைத் தாங்குகிற இரண்டு சின்ன மொட்டுகள் உண்டு. அவை அழுந்தி ஒட்டிக் கிடந்தன. கொண்டை ஊசியை உருவி அவற்றைச் சுற்றிச் சுரண்டி, மெல்ல நெம்பிவிட்டேன். டக்கென்று எழும்பின. பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்து, மத்தியான வெயிலுக்கு முகம் காட்டும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். பாட்டரி கழற்றியிருந்ததால் எல்லோருமாகத் தள்ளித்தான் திருப்பினார்கள். பட்டுப்பாவாடை கட்டிய வாண்டுகள் வரை கைகொடுத்தன. திருநெல்வேலி வெயிலுக்கு வேலை கொடுத்தால் அது ஏமாற்றாது. குத்துவிளக்குகள் முற்றத்தில் காய்ந்தன, இது வாசலில் காய்ந்தது.

காய்ந்த குழியை எட்டிப் பார்த்தேன். தங்கம் போல மின்னியது. அழகாக இருந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

“பழசையே போடவா?” என்றார் இவர்.

“கல்யாணத்துக்கு நாம எல்லாரும் புதுசு உடுத்துதோம். அதுக்கும் புதுசு இருக்கட்டும்.”

வலது பக்கம் ஒரு புது பல்பு, இடது பக்கம் ஒரு புது பல்பு. அமுக்கித் திருகினேன். பாட்டரியை மாட்டினார், ஏறி உட்கார்ந்தார். அத்தனை சொந்தக்காரர்களும் என் பின்னால் கூட்டமாக நின்றார்கள். பூக்காரரும் கூடையோடு வந்து நின்றுவிட்டார்.

“எரியுதா?”

இரண்டு பாதி எலுமிச்சம்பழமும் மாதுளை முத்தாகச் சிவந்தன.

“எரியுது!” என்றேன். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடிப் புறாக்கள் பறந்துபோயின. பூக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

மாப்பிள்ளையை அழைக்கப் பெண்ணின் அம்மா போகும் வழக்கம் எங்களில் இல்லை. மண்டப வாசலில் ஆலத் தட்டோடு நிற்பதுதான் என் இடம். மல்லிகையும் அரளியும் சுற்றிக்கொண்டு பிளசர், மாப்பிள்ளையை ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவரப் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டது. நான் சேலை மாற்றி, மண்டபத்துக்கு வந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டில் ஊற்றி, நடுவில் வெற்றிலை வைத்துச் சூடத்தோடு காத்து நின்றேன். நின்றது நான்தான், மனசு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுப்பாலத்து மேடு பள்ளத்தில் அந்த மொட்டு மறுபடி அமுங்கியிருக்குமோ? கோயில் வாசலிலேயே வேனில் ஏற்றிவிட்டார்களோ? கேட்க யாரும் இல்லை. பொழுது சாய்ந்து தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்கு நடுவே, ஆனை நடை நடந்து, எங்கள் பிளசர் வந்தது. உள்ளே மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இவர் என்னைப் பார்க்கவே இல்லை. ராஜா பவனிக்குத் தேரோட்டுகிறவர் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வெள்ளை வேன். அதில் ஒரு சரம் பூகூட இல்லை.

மாப்பிள்ளை பிளசரில் வந்தாயிற்று. அது போதாதா? எனக்குப் போதவில்லை. வேன் பின்னால் வந்தது வாக்குக்காகவா, இரக்கத்துக்காகவா என்று தெரிய வேண்டும். வண்டி நின்றது. மேளக்காரர்கள் ஒதுங்கினார்கள். மாப்பிள்ளை இறங்குவதற்காக எல்லோரும் முன்கதவுப் பக்கம் நெருங்கினார்கள். நான் ஆலத் தட்டைக் கையில் பிடித்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராக வண்டிக்குப் பின்னால் போனேன்.

“மைனி!” வேனிலிருந்து தலையை நீட்டினார் தாய்மாமா. “மாப்பிள்ள முன்னால இருக்கான். பின்னால யாருக்கு ஆலம் சுத்தப் போறீய?”

“அவனப் பத்திரமா கூட்டிட்டு வந்தவங்களுக்கு.”

இவர் காதில் என் குரல் விழுந்திருக்கிறது. அத்தனை மேளத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில், பழக்கத்தில், பிரேக்கை மிதித்துக்கொண்டு ஜன்னல் வழியே சத்தம் கொடுத்தார்.

“எரியுதா?”

இரண்டும் எரிந்தன. வலது விளக்கு ஒரு பிடி கூடவே எரிந்தது போல எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் வேனிலிருந்து பதில் போனது.

“எரியுது அண்ணாச்சி, எரியுது! பாளையங்கோட்டையில இருந்து இதப் பாத்துக்கிட்டேதான் வாரேன். எனக்குக் கண்ணே செவந்துபோச்சு!”

சபையில் சொன்னதைச் சபைக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டார். அவர் வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் என் விரல் தானாக ஆலத்தைத் தொட்டு வலது விளக்குப் பக்கம் போனது. முக்கால்வாசி போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்தினேன். விரலைக் கீழே இறக்கி, விளக்கில் படாமல், பம்பரில் ஒரு பொட்டு வைத்தேன்.

தாய்மாமா இறங்கி வந்து அதைக் குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். “என்ன மைனி, இங்கன சந்தன வாசம் வருது? சரி, எங்க வேனுக்கும் ஒரு பொட்டு வைங்க. அந்தச் செவப்பு வெளக்கு மேல வைங்க, லெச்சணமா இருக்கும்.”

மண்டபத்து மாடி ஜன்னலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். மருதாணி பிடித்துச் சிவந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டியரிங்கில் இருந்தவருக்கு இருமல் வந்தது.

“வெளக்குல பொட்டு வைக்கதெல்லாம் எங்க பிளசருக்கு மட்டும்தான் கொழுந்தனாரே” என்று சொல்லி, அவர் வேனுக்கும் பம்பரிலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஆலம் சுற்ற முன்னால் போனேன்.